தெரியாது என்று நான் சொல்லவில்லை

‘ஒரு மூட்டை யூரியாவின் வேலையை இனி ஒரு பாட்டில் செய்யும்.’

இந்த வரியை எழுதியவன் நான். வேறு யாரோ எழுதிக் கொடுத்து நான் ஒட்டவில்லை. பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் சாய்ந்த நெற்கதிர். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னதும் நான்தான். 2022 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் தஞ்சாவூரில் ஒரு காட்சிக்கூடத்துச் சுவரில் அது தொங்கியது. அதைப் படித்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை நம்பி ஆறு மா சம்பாவில் மேலுரத்தை நிறுத்தினார்.

கூடம் எந்த நிறுவனத்தினுடையது என்றும் அவர் யார் என்றும் எழுதப் போவதில்லை. அங்கே என்ன வைப்பது, என்ன எழுதுவது என்பதெல்லாம் என் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அதனால் தப்பும் என்னுடையதுதான்.

நான் இயற்பியல் வாத்தியார். நானோ அளவில் பொருள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை இருபது வருடமாக வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் பத்தின் அடுக்கு மைனஸ் ஒன்பது என்று எழுதினால் பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள். தேர்வில் திருப்பி எழுதுவார்கள். ஒரு நானோமீட்டர் எவ்வளவு சின்னது என்று வெளியே நிறுத்திக் கேட்டால் முழிப்பார்கள். அந்த முழியைப் பார்த்துப் பார்த்துத்தான் கைதொட்டுச் செய்து பார்க்கும் ஒரு கூடம் வேண்டும் என்ற ஆசை வந்தது.

ஆசைக்கு உருவம் கொடுத்தது எங்கள் ஊரிலேயே இருந்த ஒரு இடம். இந்திய உணவுக் கழகம் 1965-ல் தொடங்கியபோது அதன் முதல் அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அந்த நினைவாக, பெங்களூர் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தார் கைவண்ணத்தில், 2021 நவம்பரில் இங்கே ஒரு உணவு அருங்காட்சியகம் வந்தது. குதிர் காலத்திலிருந்து இன்றைய கிடங்கு வரை மாதிரிகள், தொட்டால் பேசும் திரைகள். நான் போன அன்று ஒரு விவசாயக் குடும்பம் வந்திருந்தது. தாத்தா ஒரு மாதிரியின் முன்னால் நின்று பேரனுக்கு வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் ஓடியதை விட அவர் கதை நீளமாக இருந்தது, பையனும் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன். ஆனால் அந்தத் தாத்தா செய்தது என்ன என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குத் திரைகள் மட்டும்தான் தெரிந்தன.

எட்டு மேசை போட்டோம். முதல் மேசையில் ஒரு நெல்மணி. அதன் நீளம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், அதாவது 60 லட்சம் நானோமீட்டர். பக்கத்தில் ஒரு தலைமுடி, அதன் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவுக்கு வரும். ‘இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் விரல்நகம் சில நானோமீட்டர் வளர்ந்துவிட்டது’ என்று ஒரு அட்டை. அதைப் படித்த ஒவ்வொரு குழந்தையும் தன் நகத்தைத் தூக்கிப் பார்த்தது.

இரண்டாவது மேசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுண்டுவிரல் நுனியில் உட்காரும் அளவுக்கு ஒரு பொடிச் சொப்பு. அதில் தண்ணீரை நிரப்பிக் கவிழ்த்தால் தண்ணீர் விழாது. பக்கத்தில் ஒரு டம்ளர், அதைக் கவிழ்த்தால் மேசை நனையும். பொருள் சிறுத்துக்கொண்டே போனால் புவியீர்ப்பின் செல்வாக்கு குறைந்து, பரப்பு இழுவிசையின் கை ஓங்கிவிடும் என்பதை இதை விட எளிமையாகக் காட்ட எனக்குத் தெரியாது. மூன்றாவதில் காந்தப் பட்டைகள். ஒரு பட்டையின் மேல் இன்னொன்றை மெல்ல இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் விரலில் திடுக் திடுக்கென்று தட்டும். 1981-ல் சூரிக் நகருக்கு அருகே பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய நுண்ணோக்கியும், அதன் பின் வந்தவையும், அணுக்களைப் பார்ப்பதில்லை, இப்படித் தடவித்தான் அறிகின்றன என்று மாணவர்கள் விளக்குவார்கள். இன்னொரு மேசையில் தங்கம். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் தங்க ரேக்கு மஞ்சளாக மின்ன, பக்கத்தில் ஒரு சீசாவில் ஒயின் நிறத்தில் சிவப்பாக அதே தங்கம், சில பத்து நானோமீட்டர் துகளாக. ஓவியம் செய்யும் ஆசாரி ஒருவர் அந்தச் சீசாவைப் பார்த்துவிட்டு ‘இது தங்கம்னா நான் இத்தனை வருஷம் ஒட்டினது என்ன?’ என்று கேட்டார். சுவரில் கீழடி. அங்கே கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோக் குழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டிருந்தார்கள். அந்தப் படத்தின் முன்னால் நின்று போட்டோ எடுக்காதவர்கள் குறைவு.

இவையெல்லாம் நன்றாகவே நடந்தன. என் குறை ஒன்பதாவது மேசையில் இருக்கிறது. அந்த மேசையை நான் போடவே இல்லை.

நான் யோசனைகளை எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அமெரிக்காவின் ‘நைஸ் நெட்’ என்ற கூட்டமைப்பிலிருந்து. அந்த நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2005-ல் தொடங்கியது. பாஸ்டன், மினசோட்டா அறிவியல் அருங்காட்சியகங்களும் சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியமும் முன்னின்று நடத்தின. நானோ அறிவியலைச் சாதாரண ஜனங்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று வருடக்கணக்கில் செய்து பார்த்து, செய்முறைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். சொப்பும் காந்தப் பட்டையும் அவர்கள் வழியாக வந்தவைதான். அவர்களிடம் வேறொரு வகை மேசையும் இருந்தது. நானோ தொழில்நுட்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. வந்தவர்கள் அதை முக்கியத்துவப்படி அடுக்க வேண்டும். பிறகு வேறொரு ஆளின் இடத்திலிருந்து மறுபடி அடுக்க வேண்டும். இது யாருக்கு நல்லது, யார் செலவு செய்கிறார்கள், கெடுதல் வந்தால் யார் தலையில் விழும் என்று பேச வைப்பதுதான் அதன் நோக்கம். நானோ என்பது சின்னது, வேறு மாதிரி நடந்துகொள்வது என்பதோடு, அது நம் வாழ்க்கையோடு பின்னிக் கிடப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொல்லி முடித்ததாக ஆகும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நான் அதைப் படித்தேன். அச்செடுத்தும் வைத்திருந்தேன். வேண்டாம் என்று ஒதுக்கினேன். கூட இருந்த இளைய ஆசிரியை ஒருவர் ஏன் என்று கேட்டபோது, ‘நம்ம ஊரு ஜனங்களுக்கு முதல்ல ஆச்சரியத்தைக் காட்டுவோம், விவாதமெல்லாம் அப்புறம்’ என்றேன். உண்மைக் காரணம் வேறு. அந்த மேசையில் உட்கார்ந்தால் வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். சொப்பைக் கவிழ்த்துக் காட்டும்போது என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், பதிலும் தெரியும். அந்த மேசையில் என்ன வரும் என்று தெரியாது. அதனால்தான் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக அந்த இடத்துச் சுவரில் யூரியாப் பலகையை மாட்டினேன்.

முதலில் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாமரை இலை மேசை ஒன்று வைத்திருந்தோம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்று நமக்குப் பேச்சிலேயே உண்டு. ஏன் ஒட்டாது என்று ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997-ல் விரிவாக எழுதினார்கள். இலைமேல் பொடிப் பொடி முகடுகள், முகடுகளின் மேல் அதை விடப் பொடியான மெழுகுத் துணுக்குகள், அவற்றின் இடுக்கில் காற்று. துளி காற்றின் மேல்தான் உட்கார்கிறது. இலைக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளம் குளமாக ஆள் அனுப்பினோம். வாடிப்போனால் மறுபடி போக வேண்டும். கூடத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் நடவு முடிந்த வயல் பச்சையாகக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை, பேத்தியின் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு துணைக்கு வந்திருந்தார் அந்த அம்மா. அறுபது வயது இருக்கும். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் ஆறிய தழும்பு. வாழ்நாள் முழுக்க நடவு நட்ட கால் என்று பார்த்தாலே தெரியும். தாமரை இலையில் துளி உருண்டதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவர், பிள்ளைகள் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் என்னிடம் சொன்னார்:

“நெல்லும் இப்படித்தான் சார். மழையில வயல் முங்கிக் கெடக்கையில தண்ணிக்குள்ள பாத்தா தாளெல்லாம் வெள்ளி பூசுனாப்ல மின்னும். மின்னுற வரைக்கும் பயிருக்கு உசுரு இருக்கு. மினுப்புப் போயிருச்சுன்னா அழுவப் போவுதுன்னு அர்த்தம்.”

நான் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அது வேறம்மா. தண்ணிக்குள்ள வெளிச்சம் திரும்புறதால அப்படித் தெரியும்.”

“அப்படிங்களா” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர் பேத்தி பக்கத்தில்தான் நின்றது. அது என்னையும் பார்த்தது, பாட்டியையும் பார்த்தது.

எனக்கு அப்போது அதைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாததற்கு வாயில் வந்த ஒரு காரணத்தைச் சொல்லி, வாழ்நாள் முழுக்கக் கண்ணால் பார்த்த ஒருவரை வாயடைத்தேன். பேத்தியின் முன்னால் செய்தேன் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவர் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றரை வருடம் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் கண்ணில் பட்டது. நெல் இலைமேலும் தாமரையைப் போலவே முகடுகளும் மெழுகும் உண்டு. தாமரையில் அவை பரவிக் கிடக்கும், நெல்லில் இலையின் நீளவாக்கில் வரிசை பிடித்து நிற்கும். அதனால் துளி நுனியை நோக்கி எளிதில் ஓடும், குறுக்கே ஓடத் தயங்கும். 2002-லேயே சீன ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். இலை தண்ணீரில் முழுகும்போது அந்த மெழுகு இடுக்குகளில் காற்று ஒரு மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. ஒளி பட்டால் வெள்ளியாகத் தெரிவது அதுதான். முழுகிய பயிர் அந்தப் படலத்தின் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வெளிச்சத்தில் கரியமில வாயுவை உள்ளே வாங்குகிறது, இருட்டில் ஆக்சிஜனை வாங்கி வேர் வரைக்கும் அனுப்புகிறது. பெடர்சன், கோல்மர் உள்ளிட்டோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நுரைக்கும் சோப்பு வகைத் திரவத்தால் படலத்தை நீக்கிப் பார்த்தார்கள். வேரில் ஆக்சிஜன் அளவு குறைந்துவிட்டது. சில நாளில் படலம் தானாகவும் கரைந்துபோகும், அதன் பின் பயிர் திணறும். அந்த மெழுகுக்குக் காரணமான மரபணு ஒன்றையும் 2018-ல் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுகாத வருடம் டெல்டாவில் அபூர்வம். நெல்லுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே சில நாள் காவல் நிற்பது ஒரு நானோ அளவு மெழுகு. இதை விட நல்ல காட்சிப்பொருள் எங்கள் ஊருக்கு வேறு என்ன இருக்க முடியும்? அதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவரைத்தான் நான் திருப்பி அனுப்பினேன்.

அடுத்தது பெரியவர். அதே மாதத்தில் இன்னொரு நாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கோயிலுக்குள் வருவது போல வந்தார். மற்ற மேசைகளைச் சும்மா பார்த்தபடி கடந்தவர், யூரியாப் பலகையின் முன்னால் நின்றுவிட்டார். எழுத்தின் மேல் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, சொசைட்டியில யூரியா கேட்டா இந்தப் பாட்டிலையும் சேத்து எடுத்துக்கங்கிறான். 240 ரூவா. இதை அடிச்சா ரெண்டாவது மேலுரம் போடாம விட்டுரலாமா? நீங்க படிச்சவங்க, ஒரு ரோசனை சொல்லுங்க.”

என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவரும் இருந்தார். பலகை என் பின்னால் தொங்கியது.

“தாராளமா விடலாங்க” என்றேன். “அதுதாங்க நானோ.”

அவர் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார். விருந்தினர் என் தோளைத் தட்டி, ஆராய்ச்சி இப்படித்தான் மக்களிடம் போய்ச் சேர வேண்டும் என்றார். நான் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

அந்த நானோ யூரியாப் பாட்டிலைப் பற்றி எனக்கு அன்று தெரிந்தது ஒரு துண்டறிக்கையும், ஒரு கருத்தரங்கில் பார்த்த நான்கு படங்களும்தான். 2021-ல்தான் அது சந்தைக்கு வந்திருந்தது. வயலில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் காற்றிலும் தண்ணீரிலும் வீணாகிறது என்பது உண்மை. இலைவழியாகப் பொடித் துகளாகக் கொடுத்தால் வீணாகாது என்ற எண்ணமும் முட்டாள்தனமானது அல்ல. ஆனால் பாட்டிலின் மேலேயே அச்சிட்டிருந்த ஒரு எண்ணை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். அன்றைய அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம், அதாவது 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு டன் நெல் விளைய பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் பாட்டிலில் இருப்பது ஒரு சொட்டு வீணாகாமல் உள்ளே போனாலும் ஒரு கிலோ நெல்லுக்குச் சற்று மேல்தான் போதும். மீதி வேலையை அந்தத் துகள் வேறு எப்படிச் செய்கிறது என்றுதான் பலகை எழுதுவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் ஒரு நிமிடத்தில் போடும் கணக்கு இது. நானோமீட்டரை நெல்மணியில் அளந்து காட்டிய நான், இதை அளக்கவில்லை.

பெரியவருக்கு ஆறு மா, இரண்டு ஏக்கர். சிஆர் 1009 நட்டிருந்தார். தூர் கட்டும்போது போடும் யூரியாவைப் போட்டார். கதிர் உருவாகும் சமயத்தில் போட வேண்டியதை நிறுத்திவிட்டு டேங்க் டேங்காகப் பாட்டில் மருந்தை அடித்தார். மார்கழிக் கடைசியில் அவர் வயல் மட்டும் வெளுப்பாக நின்றதாகப் பின்னால் அவரே சொன்னார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அதே விதை, அதே நடவு நாள், அதே தண்ணீர். அங்கே மாவுக்கு ஒன்பதரை மூட்டை கண்டது, இவருக்கு ஏழரை. ஆறு மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை. அன்றைய கொள்முதல் விலையில் 15,000 ரூபாய்க்கு மேல்.

இது எனக்குத் தெரியவந்தது அடுத்த சித்திரையில். கூடத்துக்கு வந்த அவர் ஊர்ப் பையன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான். “அந்தத் தாத்தா உங்களக் கேட்டுட்டுத்தான் சார் விட்டாரு.” குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

அப்போதாவது நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடை நேரத்தில் டெல்டா முழுக்கக் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். சாய்ந்த கதிர் தண்ணீரில் முளைத்தது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ‘எல்லாருக்கும் விளைச்சல் குறைந்த வருஷம்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் அதே மழைதான் பெய்தது என்பதை வேண்டுமென்றே மறந்தேன். பலகையைக் கழற்றவும் இல்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அதற்காகவே இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தொங்க விட்டேன். அந்த நாட்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள், எத்தனை பேர் நம்பி உரத்தைக் குறைத்தார்கள் என்று என்னிடம் கணக்கு இல்லை. பெரியவருக்குச் சொன்ன பதிலை விட இதைத்தான் நான் பெரிய குற்றமாக நினைக்கிறேன். அது ஒரு நிமிடத்துத் தப்பு. இது தெரிந்தே நாள்தோறும் செய்தது.

எங்கள் ஊர் அரண்மனையிலுள்ள சரஸ்வதி மகால் நூலகத்தில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. இருநூறு வருடத்துக்கு முந்தையவை. நோயாளியின் கண்ணை ஓவியமாக வரைந்து, என்ன சிகிச்சை செய்தார்கள், அதன் பின் எப்படி இருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியூர் விருந்தாளிகளை அழைத்துப் போய் அந்தப் படங்களைக் காட்டிப் பெருமைப்படுவது என் வழக்கம். யாருக்கு என்ன சொன்னேன், அதன் பின் அவருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதி வைக்காத நான்தான் அந்தப் பெருமையைப் பேசினேன்.

2024 தொடக்கத்தில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட வயல் ஆய்வு செய்தியில் வந்தது. பரிந்துரைத்த அளவு உரம் போட்ட வயலோடு ஒப்பிட்டால், நானோ யூரியாவை நம்பி உரத்தைக் குறைத்த வயலில் நெல் 13 சதவீதமும் கோதுமை 21.6 சதவீதமும் குறைந்தது என்றார்கள். தயாரிப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. தங்கள் சோதனைகளில் குறையவில்லை என்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் உழவியல் படித்தவன் அல்ல. ஆனால் சுவரில் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அன்றைக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இலைப் படலத்தைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டதும் அதே வாரம்தான். யூரியா இலைக்குள் எப்படிப் போகிறது என்று தேடப் போய், தண்ணீருக்குள் வெள்ளியாக மின்னும் நெல் இலையின் படத்தில் போய் நின்றேன். அந்த அம்மாவின் குரல் காதில் கேட்டது.

அப்படியும் சில மாதம் போனது. ஆடியில் ஒரு நாள் பலகையை நானே கழற்றினேன். மாணவர்களை உட்கார வைத்து, ஏன் கழற்றினேன் என்று சொன்னேன். பாட்டில் கணக்கை அவர்களையே போடச் சொன்னேன். போட்டு முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: “சார், நாங்களும் இதைத்தானே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தோம்?” ஆமாம் என்றேன்.

மறுநாள் பெரியவர் ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து பாயை விரிக்கச் சொன்னார். காப்பி வந்தது. நான் குடிக்காமல் வைத்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன். கூடத்தில் நான் சொன்ன பதில் எனக்குத் தெரியாமல் சொன்னது, சோதித்துப் பார்த்துச் சொன்னது அல்ல, அதனால் உங்களுக்கு நட்டம் வந்தது, மன்னிக்க வேண்டும் என்றேன். பணத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதை நீட்டியதும் கையை அசைத்து வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப உங்களுக்கும் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. தெரியாதுன்னா நான் ஒரு மாவுல மட்டும் அடிச்சுப் பாத்திருப்பேனே.”

என்னால் பதில் பேச முடியவில்லை. ஒரு மாவில் மட்டும் அடித்துப் பார்ப்பது, மீதியை வழக்கப்படி விடுவது, இரண்டையும் அறுத்து எடை போடுவது: வகுப்பில் நான் ஒப்பீட்டுச் சோதனை என்று பெயர் சொல்லி நடத்துவது இதைத்தான். அவர் அதைச் செய்யத் தெரிந்தவர். என் பதில்தான் அதைச் செய்ய விடவில்லை.

அந்த வருடம் சம்பாவில் அவரே இடம் காட்டினார். ஒரு மாவில் மட்டும் பாட்டில், பக்கத்து மாவில் வழக்கமான மேலுரம். நடுவில் வரப்பு. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, போட்டது, பயிர் நிறம், புழு, மழை என்று கட்டம் போட்டு அவர் மருமகள் எழுதி வைத்தார். அறுவடையில் ஒரு மூட்டைதான் வித்தியாசம், வழக்கமான பக்கம் கூடுதல். ஒரு வருடக் கணக்கை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது என்று இந்த முறை சொன்னேன். “அடுத்த வருஷமும் பாப்போம்” என்றார். அந்த நோட்டின் நகல் இப்போது பலகை இருந்த இடத்தில் இருக்கிறது. கீழே ஒரு மேசை, அட்டைகள், நாலு முக்காலி. இங்கே வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாதவற்றை அவர்கள் கண் முன்னாலேயே எழுதி வைக்கிறோம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் யாராவது வந்தால் அந்தப் பட்டியலைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அந்த அம்மாவை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று நான்கு பள்ளிகள் வந்திருந்தன. பதிவேட்டில் பிள்ளைகள் பெயரும் ஆசிரியர் பெயரும்தான் உண்டு, துணைக்கு வந்தவர்கள் பெயர் இல்லை. மூன்று ஊருக்குப் போய் நடவு நடும் பெண்களிடம் விசாரித்தேன். வெள்ளி மினுப்பைப் பற்றிக் கேட்டால் எல்லாருக்கும் தெரிகிறது. சிலர் எனக்குத் தெரியாத இன்னும் சிலவற்றையும் சொன்னார்கள். கூடத்துக்கு வந்தது யார் என்று மட்டும் தெரியவில்லை.

தாமரை மேசையில் இப்போது ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வயலிலிருந்து காலையில் பறித்த நெல் இலைகள். பிள்ளைகள் இலையைத் தண்ணீருக்குள் அமுக்குவார்கள். விரல் பட்ட இடம் தவிர மற்றதெல்லாம் வெள்ளியாகும். இன்னொரு இலையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துவிட்டு அமுக்கினால் வெறும் பச்சை. தொட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் இப்படி எழுதியிருக்கிறோம்:

‘இதை எங்களுக்குச் சொன்னவர் நடவு வேலை செய்யும் ஒரு அம்மா. 2022-ல் பேத்தியோடு இங்கே வந்தார். அவர் சொன்னது சரி. நாங்கள் தப்பாகப் பதில் சொன்னோம். அவர் பெயரைக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.’